காது விட்ட பெட்டி

“எந்த நாட்டுத் துப்பாக்கிப்பா ஒன்னையச் சுட்டுச்சு?”

டீக்கடையில் யாராவது இப்படிக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். கால் எப்படியிருக்கிறது, வலி குறைந்ததா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. தோட்டத்து மோட்டார் என்ன கம்பெனி என்று விசாரிக்கிற அதே குரலில் துப்பாக்கியின் கம்பெனியை விசாரிப்பார்கள். நானும் ஆளுக்கொரு பதில் சொல்லுவேன். ஒருநாள் ரஷ்யா, ஒருநாள் அமெரிக்கா. சீனா என்று சொன்னால்தான் எல்லாருக்கும் பரம திருப்தி. “நெனச்சேன்” என்று தலையை ஆட்டிக்கொண்டு வடையைக் கடிப்பார்கள். ஒருமுறை ஒருத்தர், “போன வாரம் அமெரிக்கான்னுல்ல சொன்ன?” என்று மடக்கினார். “ரெண்டு பேரும் சேந்துதான் சுட்டாக. டீயக் குடிங்க, ஆறுது” என்றேன்.

உண்மையான பதில் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம், அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்த மனிதர். என் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான். நான் ஊருக்குத் திரும்பியதிலிருந்து எனக்குக் காலாக இருப்பவர். அந்தப் பதில் அவர் காதில் விழுந்தால் மனுசன் உடைந்துபோவார் என்று எனக்குப் பயம். அதனால்தான் உலக நாடுகளை எல்லாம் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பட்டாளத்துக்காரன். காமயகவுண்டன்பட்டியிலிருந்து பட்டாளத்துக்குப் போகிறவன் புதுசு இல்லை. ஆனால் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு அடுத்த கண்டத்தில் போய் அமைதி காக்கிற வேலை எனக்கு வாய்த்தது. ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தச் சனங்கள் பட்ட பாடு போதும். செம்மண் ரோடு, ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புல். நாங்கள் தண்ணீர் லாரிக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தோம். புல்லுக்குள்ளிருந்து சுட்டார்கள். சுட்டவன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. குண்டு வலது முழங்காலுக்குள் புகுந்து சில்லை உடைத்துவிட்டுப் போனது. டாக்டர்கள் தகடு வைத்து ஒட்டினார்கள். நடக்கலாம், நிற்கலாம், முழங்கால் மட்டும் மடங்காது. தரையில் உட்கார முடியாது, குனிந்து எதையும் எடுக்க முடியாது. கல்யாண வீட்டில் எனக்கு மட்டும் தனியாக ஒரு நாற்காலி போடுவார்கள். அது மரியாதை என்று நினைத்துப் போடுவார்கள், எனக்கோ எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கும். ஓடவும் முடியாதே.

மச்சானும் ஒரு வகையில் பட்டாளத்து ஆள்தான். ஆனால் துப்பாக்கி தூக்கவில்லை, கட்டினார். வடக்கே ஒரு பெரிய ஆயுதக் கிடங்கில் பேக்கர் வேலை. பழைய துப்பாக்கிகளைத் துடைத்து, கிரீஸ் பூசி, மெழுகுத் தாளில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி ஆணி அடிப்பது. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதே வேலை. அதற்கு முன்னால் இளவட்டமாக இருந்தபோது அவர் பார்த்தது திராட்சைப் பெட்டி கட்டும் வேலை. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் பெட்டி கட்டத் தெரியாத ஆள் கிடையாது.

திராட்சைப் பெட்டியில் பேப்பர் விரிப்பதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை இருக்கிறது. அடியில் பேப்பரைப் போட்டு, கொத்துக்களை அடுக்கி, நாலு பக்கத்துப் பேப்பரையும் மேலே மடித்து மூடுவோம். கடைசி மூலையை மட்டும் உள்ளே சொருகாமல் கொஞ்சம் வெளியே நீட்டி விடுவோம். அதற்குக் காது விடுறது என்று பெயர். யாவாரி அந்தக் காதைப் பிடித்து இழுத்தால் பேப்பர் அலுங்காமல் திறக்கும், மேல் கொத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடலாம். காது இல்லாத பெட்டியை யாவாரி சந்தேகமாகத்தான் பார்ப்பான். உள்ளே அழுகல் வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று நினைப்பான்.

மச்சான் கிடங்குக்குப் போயும் காது விட்டார். துப்பாக்கிப் பெட்டிக்கு எதற்குக் காது? அதை எந்த யாவாரி இழுத்துப் பார்க்கப் போகிறான்? மேலதிகாரி கூப்பிட்டு, “என்னய்யா இது, வாழையிலைப் பொட்டலமா?” என்று கத்தியிருக்கிறார். மச்சான் காதை உள்ளே மடிப்பார், அடுத்த பெட்டியில் கை தானாகக் காது விட்டுவிடும். கடைசியில் அதிகாரியே சலித்துப்போய், காதின் மேல் பிசின் நாடா ஒட்டி விடு, ஈரம் போகாது என்று சொல்லிவிட்டார். விசேஷ வீடுகளில் மச்சான் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “மாப்ள, அந்தக் கெடங்குல ஆரு கட்டுன பொட்டின்னு பேரே எழுத வேணாம், காதப் பாத்தாப் போதும்பாக” என்பார். நாங்களும் எத்தனாவது தடவை கேட்டாலும் சிரிப்போம்.

இனி அந்த நாட்டுக்கு வருகிறேன்.

எனக்கு ஆபரேஷன் முடிந்து, ஊருக்கு அனுப்ப விமானம் வரும்வரை சும்மா இருக்கச் சொன்னார்கள். அதற்குள் எங்களைச் சுட்ட கூட்டத்துக்கும் அரசாங்கத்துக்கும் சமாதானம் ஆகி, அவர்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைக்க ஆரம்பித்தார்கள். பாழடைந்த ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் கம்பிவேலி போட்டு அங்கே குவித்தார்கள். நான் சும்மா படுத்திருக்க முடியாமல் கெஞ்சி, அங்கே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துகொண்டேன்.

ஆயுதங்களின் பூர்வீகம் பார்ப்பதற்கென்றே ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். நல்ல மனுசன். ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து, பெயிண்டைச் சுரண்டி, லென்ஸ் வைத்து, இரும்பில் வெட்டியிருக்கிற எண்ணையும் முத்திரையையும் பார்ப்பார். ஜாதகம் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு துப்பாக்கியைக் காட்டி, “இது உன்னைவிட சீனியர். நாலு ராணுவத்தில் வேலை பார்த்திருக்கிறது” என்றார். ஒரு நாட்டுக்காரன் செய்த துப்பாக்கி எப்படி ஐயா இன்னொரு நாட்டுக் கிடங்குக்குப் போய், அங்கேயிருந்து இந்தக் காட்டுக்கு வருகிறது என்று கேட்டேன். எனக்குப் பொழுது போகவேண்டும், அவருக்குப் பேச ஆள் வேண்டும்.

அவர் சொன்னதை நம் ஊர்ப் பாஷையில் சொல்லுகிறேன். துப்பாக்கி செய்கிற நாடு தனக்கு வேண்டியதை மட்டும் செய்து நிறுத்தாது. ஃபாக்டரி ஓடவேண்டுமே, அதனால் வெளியே விற்கும். விற்கும்போது, எங்களைக் கேட்காமல் அடுத்தவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளும். வாங்கின நாடு ரொம்ப வருஷம் வைத்திருக்கும். புது மாடல் வந்ததும் பழசை என்ன செய்வது? உருக்குவதற்குச் செலவு. நட்பு நாட்டுக்குக் கொடுத்தால் நல்ல பெயர். முறையாக அனுமதி கேட்டு, கிரீஸ் பூசிக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். அந்த நட்பு நாட்டில் ஒருநாள் ஆட்சி கவிழும், பட்டாளம் ரெண்டாக உடையும், சம்பளம் நிற்கும். சம்பளம் வராத சிப்பாயிடம் விற்பதற்கு வேறு என்ன இருக்கிறது? மூணு கை மாறின பைக்கு மாதிரிதான். முதல் ஓனர் போட்ட கண்டிஷன் எல்லாம் நாலாவது ஆளுக்கு எங்கே தெரியப் போகிறது?

“திருட்டு கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் எல்லாம் சட்டப்படி நடக்கும்” என்றார் அவர். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. ஏதோ மழை பெய்வதைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசுகிறாரே, என் முழங்கால் போயிருக்கிறதே என்று.

மறுநாள் ஒரு லாரியில் மரப்பெட்டிகள் வந்தன. பாதிப் பெட்டிகள் ஏற்கெனவே திறந்து காலியாக இருந்தன, மீதி ஆணி அடித்தபடி இருந்தன. மேலே அந்தக் கூட்டத்துக்காரர்களின் சிவப்பு அடையாளம். அதன் கீழே பக்கத்து ஆப்பிரிக்க நாட்டு ராணுவத்தின் எழுத்து. வெள்ளைக்காரர் கத்தியால் சுரண்டினார். அதற்கும் அடியில் இந்தி எழுத்தின் தலைக்கோடு தெரிந்தது.

“உங்கள் ஊர்” என்றார் அவர் என்னைப் பார்த்து. உள்ளே இருக்கும் துப்பாக்கி ஐரோப்பாவில் செய்தது. எங்கள் நாடு ஒரு காலத்தில் வாங்கி வைத்திருந்து, பிறகு அந்த ஆப்பிரிக்க நாட்டுக்கு நட்புக்காகக் கொடுத்தது. அவர்கள் பட்டாளம் உடைந்தபோது ஒரு பிரிவு இவற்றோடு காட்டுக்குள் போய், இந்தக் கூட்டத்துக்கு விற்றுவிட்டது என்று விளக்கினார். உங்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை என்று என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரியும் சொன்னார். ஆணியை நெம்பி மூடியைத் தூக்கினார்.

உள்ளே மெழுகுத் தாள். நாலு பக்கமும் மேலே மடிந்து, கடைசி மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் பிசின் நாடா.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “அட, நம்ம மச்சான்!” என்று தமிழில் கத்திவிட்டேன். கண்காணாத தேசத்தில் சொந்தக்காரனை பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி ஒரு சந்தோசம். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. வெள்ளைக்காரர் தாளைப் பிரித்தார். துப்பாக்கிகள் பளபளவென்று வரிசையாகப் படுத்திருந்தன. அவர் விரலால் கிரீஸைத் தொட்டுப் பார்த்து, “பிரமாதமாகக் கட்டியிருக்கிறார்கள்” என்றார்.

அப்போதுதான் லாரியடியில் கிடந்த காலிப் பெட்டிகளைப் பார்த்தேன். அவற்றிலும் கிழிந்த தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலும் காது இருந்தது. அந்தப் பெட்டிகளில் இருந்ததெல்லாம் எங்கே போயிருக்கும்? செம்மண் ரோட்டோரத்துப் புல்லுக்குள் போயிருக்கும். அந்தப் பெட்டித் துப்பாக்கிதான் என்னைச் சுட்டது என்று சூடம் அடித்துச் சத்தியம் பண்ண யாராலும் முடியாது. ஆனால் சுட்ட கூட்டமும் அதுதான், பெட்டி வைத்திருந்த கூட்டமும் அதுதான். அதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. ஏன் முகம் மாறிவிட்டது என்று வெள்ளைக்காரர் கேட்டார். கால் மரத்துப் போச்சு என்றேன்.

ஊருக்கு வந்து அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த சொளகை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“ஏலே, இத அவுககிட்ட மட்டும் சொல்லிப்புட்ட, நான் ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

“மச்சான் மேல என்னக்கா தப்பு இருக்கு? சொன்னா என்ன?”

“தப்பு இல்லைன்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியுமா? நீ ஆசுபத்திரியில கெடந்தப்ப அவுக சோறு திங்கலடா. தலைவாசல்லயே போன வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. ஒனக்குப் புண்ணியமாப் போகும், வாய மூடிக்கிட்டு இரு.”

மூடிக்கொண்டேன். நானே சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மச்சான் தினமும் அனுமந்தன்பட்டியிலிருந்து பைக்கில் வந்துவிடுவார். என்னால் என் திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்கடியில் குனிந்து வேலை பார்க்க முடியாதே. கவாத்து, மருந்தடிப்பு, அறுப்பு, எல்லாம் அவர் மேற்பார்வை. கூலி ஆள் வராத நாளில் அவரே கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். “இருக்கட்டும் மச்சான், நாளைக்குப் பாத்துக்கிருவோம்” என்றால், “நீ சும்மா ஒக்காரு மாப்ள. நாட்டுக்காகக் கால குடுத்தவன் நீயி” என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் இந்த மனுசனிடம் போய் ஒளிக்கிறோமே என்று இருக்கும். சொன்னால் இந்த மனுசனைக் கொல்கிறோமே என்றும் இருக்கும்.

அறுப்பு தொடங்கியது. மச்சான் பந்தலடியில் உட்கார்ந்து பெட்டி கட்டுவார். ஒவ்வொரு பெட்டியிலும் காது. வரிசையாகக் காது. எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சல் மண்டும். முதல் நாள், “மச்சான், மூலைய உள்ள மடிச்சிருங்க” என்று தன்மையாகச் சொன்னேன். “சரி மாப்ள” என்றார். அடுத்த பெட்டியில் காது. பிறகு, “யாவாரிக எல்லாம் இப்பக் காது பாக்கிறதில்ல” என்று பொய் சொன்னேன். “அப்பிடியா? ஓடப்பட்டியில கேட்டேனே, பாக்கத்தான் செய்யுறாகன்னாங்களே” என்றார். பிறகு பெட்டியைப் பிடுங்கி நானே உள்ளே சொருக ஆரம்பித்தேன். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அக்கா, வலியில் அப்படித்தான் இருப்பான், விடுங்க என்று மழுப்பியிருக்கிறாள்.

அன்றைக்குக் கேரளத்து யாவாரி வேனோடு வந்தார். வழக்கமாக வருகிறவர்தான். ஒரு பெட்டியின் காதைப் பிடித்து இழுத்தார், கொத்தைப் பார்த்தார், மூடினார். மச்சானின் தோளைத் தட்டி, “கொள்ளாம் சேட்டா, பிரமாதம் பேக்கிங்” என்றார். மச்சான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பிரமாதம். அந்த வெள்ளைக்காரர் சொன்ன அதே வார்த்தை. வேன் புறப்பட்டுப் போகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போனதும் மிச்சமிருந்த பெட்டிகளில் ஒன்றைக் கைத்தடியால் தள்ளிவிட்டேன். கொத்துக்கள் மண்ணில் சிதறின.

“காத உள்ள மடிங்க, உள்ள மடிங்கன்னு எத்தன தடவ சொல்றது ஒங்களுக்கு!”

மச்சான் அதிர்ந்துபோய் எழுந்தார். அவரை நான் அப்படிப் பேசியதே கிடையாது. ஆனாலும் அவர் கோபப்படவில்லை.

“ஏன் மாப்ள, அந்தக் காது ஒன்னைய என்னதான் பண்ணுச்சு?”

“என் முழங்கால எடுத்துருச்சு மச்சான்.”

கேலி பண்ணுகிறேன் என்று நினைத்து அவர் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்து மைதானம், லாரி, மூணு பெயிண்ட், நாடா ஒட்டின காது, காலிப் பெட்டிகள். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல மச்சான், சட்டப்படிதான் போச்சு, அந்த வெள்ளைக்காரரே சொன்னாரு என்று நடுவே நடுவே சொல்லிக்கொண்டேயிருந்தேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. பந்தல் கல்தூணைப் பிடித்துக்கொண்டு, சிதறின கொத்துக்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நட்பு நாட்டுக்குன்னு ஒரு தடவ ராப்பகலாக் கட்டுனோம்” என்றார். “எந்த நாடுன்னு சொல்லல. கப்பல் காத்திருக்கு, சீக்கிரம் சீக்கிரம்னாக.” பிறகு கேட்டார்: “பொட்டிக்குள்ள தண்ணி எறங்கியிருந்துச்சா?”

“இல்ல மச்சான்.”

“கடல்ல போயிருக்கு. அங்கன மழையும் சாஸ்தியிருக்கும்ல. கிரீஸு காஞ்சு வெடிச்சுப் போயிருக்குமே?”

“இல்ல. தொட்டுப் பாத்தாக. நேத்துப் பூசுன மாதிரி இருந்துச்சு.”

“துரு?”

ஒரு பொய் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். டீக்கடையில் நாட்டுக்கு ஒரு பொய் சொன்ன வாய்தான் இது. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

“பொட்டுத் துரு இல்ல மச்சான்.”

அவர் தலையை ஆட்டினார். “அப்ப நல்லாத்தான் கட்டியிருக்கேன்” என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். திராட்சைச் சாறு அப்பின ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அம்மா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. “மச்சான், எந்திரிங்க மச்சான்” என்று கூப்பிட்டேன். எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று எனக்குத் துடித்தது. கைத்தடியை ஊன்றிக் கீழே இறங்கப் பார்த்தேன். முழங்கால் மடங்கவில்லை. அவர் தலைக்குமேலே நின்றுகொண்டே இருந்தேன்.